அவள் டி.வி.யில் பாடிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் தோழி நாடு முழுக்கத் தெரிகிற டி.வி. போட்டியில் பாடினாள். பூனாவில் நாங்கள் இருந்த போபோடியில், பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். எண்பதுகளின் முதல் பாதி அது. எங்கள் சந்தில் டி.வி. இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அந்த வீட்டு மராத்தி அம்மாளை எல்லோரும் வஹினி என்போம், அண்ணி என்று அர்த்தம். ஞாயிறு சாயங்காலம் அவர் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

நானும் அவளும் அடுத்த பேட்டையான கட்கியில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவள் மெட்டைப் பாடுவாள். நான் ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே ஓடுகிற இரண்டாம் குரல். ஆல்டோ பாடுகிறவளைத் தனியாகப் பாடச் சொன்னால் கேட்பவர்களுக்கு அது பாட்டாகவே தோன்றாது. ஆனால் மேலே மெட்டு வந்து சேர்ந்துவிட்டால் இரண்டும் உரசி ஒரு மூன்றாவது சத்தம் எழும். அது எங்கள் இருவரில் யாருடையதும் இல்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மழையிலும் போனேன்.

வேலைக்கும் ஒரே பஸ். பூனா கேம்ப் கடைவீதியில் அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள். நான் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் ரெக்கார்டு கடையில் நின்று, வாங்கப்போகிறவர்கள் மாதிரி இரண்டு பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவோம். கடைக்காரருக்கு எங்களைத் தெரியும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மாலை, லோனாவ்ளா லோக்கலுக்காகக் காத்து நிற்கும்போது, அவள் ஒரு மெட்டை முணுமுணுத்தாள்.

"இது எதுல வருது?" என்றேன்.

"எதுலயும் வரலை. இப்பதான் வந்துச்சு."

வண்டி போய் கேட் திறந்தும் நாங்கள் நகரவில்லை. பின்னால் இருந்த சைக்கிள்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டு, மராத்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே சுற்றிப் போனார். அவள் மறுபடி பாடினாள். நான் கீழே என் வரியைப் போட்டேன். எங்கள் பள்ளி ஹிந்தி டீச்சரிடம் சொல்லி அந்த மெட்டுக்கு வார்த்தை வாங்கினோம். முதல் மழை தகரக் கூரையில் விழுவதை உள்ளே இருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றில் பாடியபோது சபையில் இருந்த இளைஞர்கள் மூன்று தடவை திரும்பப் பாடச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. புதுப் பாட்டுகளுக்கு, புதுக் குரல்களுக்கு, டில்லியில் தேசிய அளவில் போட்டி. மேற்குப் பக்கத்துக்கான தேர்வு பம்பாயில். அவளுடைய அண்ணன் காசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். தங்கைக்காக ஒருநாள் லீவு போட்டு எங்கள் இருவரையும் காலை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கூடம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நாங்கள் இருவரும் முன்னால் போய் நின்றதும் நடுவில் இருந்த பெரியவர் ஹிந்தியில் சொன்னார்: இந்தப் போட்டியில் ஜோடிப் பாட்டு கிடையாது, ஒருவர் பாட வேண்டும், இல்லையென்றால் முழு பேண்டு வேண்டும். "ஏக் ஏக் கர்கே காவ், பேட்டி." ஒவ்வொருத்தியாகப் பாடுங்கள், மகளே.

அவள் என்னைப் பார்த்தாள். "பாடு," என்றேன்.

பாடினாள். அன்றைக்குக் குரல் நன்றாக இருந்தது. ஓரத்தில் இருந்த பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அடுத்தது நான். எனக்குத் தெரிந்ததைத்தான் பாடினேன். நான்கு வரி போனதும் பெரியவர் கையைத் தூக்கினார்.

"இது அதே பாட்டா?"

"ஆமாம் சார். அதோட கீழ்ப்பக்கம்."

அவர் சிரிக்கவில்லை. அன்பாகத்தான், மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். முயன்றேன். முதல் இரண்டு வரி மெட்டிலேயே போனேன். மூன்றாவதில் குரல் தானாக இறங்கித் தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. எனக்கே அது தெரிந்தது. பெரியவர், "நன்றாகப் பாடுகிறாய், ஆனால் நீ வேறு யாரையோ கேட்டுக்கொண்டே பாடுகிறாய்," என்றார். உண்மைதான். நான் அப்படித்தான் எப்போதும் பாடியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். திரும்பும் வண்டியில் அவள் அண்ணன் கர்ஜத்தில் இறங்கி வடை வாங்கி வந்தார். அவள் தொடவில்லை.

"நான் போகலை," என்றாள். "ரெண்டு பேரும்னாத்தான்."

"பைத்தியமாடி உனக்கு? போய்ப் பாடிட்டு வா."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"வடை ஆறுது. தின்னு."

மலைப்பாதையில் சுரங்கம் சுரங்கமாக வந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம் பேச வேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் அப்பா சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் கட்கித் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை பார்த்தும் ஊர்ப் பேச்சு மாறாதவர். நடந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, ஒனக்கு வருத்தமா இருக்கா?"

"இல்லப்பா."

"இருந்தா இருந்துட்டுப் போட்டும். ஒக்காரு, சாப்புடு," என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்டதில்லை.

அவள் டில்லி போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாள். பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தேன். அது அவளுடைய இடம். வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சபையில் அவள் இடத்தில் வேறு ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். நல்ல பெண். சுருதி தப்பாது. ஆனாலும் அந்த மூன்றாவது சத்தம் எழவில்லை.

அவள் முதன்முதலாகத் திரையில் வந்த ஞாயிற்றுக்கிழமை வஹினி வீட்டில் நிற்க இடமில்லை. காற்று பலமாக இருந்ததால் படம் ஆடியது. வஹினியின் கணவர் கூரை மேல் ஏறி ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே, "ஆலா கா?" என்று கத்தினார். வந்ததா என்று கேட்கிறார். கீழே இருந்து எல்லோரும் "நாஹி, நாஹி" என்றோம். திடீரென்று கோடுகள் விலகி அவள் முகம் வந்தது. "ஆலா, ஆலா, அப்படியே நில்லுங்க," என்று யாரோ தமிழில் கத்த, மொழி புரியாமலேயே அந்த மனிதர் அப்படியே நின்றார். பாட்டு முடியும்வரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கூரையிலேயே நின்றதால், அவர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். அவள் கட்டியிருந்தது எந்தப் புடவை என்று எனக்குத் தெரியும். என் நீலப் புடவை அது. மழைப் பாட்டைத்தான் பாடினாள். பின்னால் ஒரு கிட்டார், மெல்லிய தபலா. முதல் அடி முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. நாங்கள் இருவரும் மூச்சை ஒன்றாக எடுப்பதற்காக வைத்துக்கொண்டது. அங்கே அவள் முகம் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியது. நான் வழக்கமாக நிற்கும் பக்கம். அங்கே யாரும் இல்லை. திரும்பவும் காமிராவைப் பார்த்துப் பாடினாள்.

நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. மெதுவாக, மூச்சு அளவில். வஹினி திரும்பிப் பார்த்தார். நிறுத்தப் போனேன். அவர் என் முழங்காலில் கையை வைத்து, "மண், மண்," என்றார். பாடு என்று அர்த்தம். சத்தமாகவே பாடினேன். அந்தச் சின்ன டி.வி.யின் ஒலிபெருக்கியிலிருந்து வந்த அவள் குரலும் என்னுடையதும் உரசிக்கொண்டன. அவளுக்கு அது கேட்காது. டில்லியில் எத்தனையோ நாளுக்கு முன்பே பாடிப் பதிவு செய்தது. அது தெரிந்தும் கடைசி வரி வரை நான் அவள் மூச்சுக்காகக் காத்துக் காத்துப் பாடினேன்.

அவள் இறுதிச் சுற்றுக்குப் போனாள். பார்ப்பவர்கள் கார்டு போட்டுத் தங்களுக்குப் பிடித்தவரைச் சொல்லலாம் என்றார்கள். சந்தில் எல்லோரும் எழுதினார்கள். தமிழ் தெரியாத வீடுகளில்கூட அவள் "ஆப்லி முல்கி", நம்ம வீட்டுப் பெண். கட்கி தபாலாபீசில் கார்டு தீர்ந்துபோனது என்று அப்பா வந்து சொன்னார்.

இறுதிச் சுற்றில் எல்லோரும் டி.வி. நிலையத்தார் கொடுத்த புதுப் பாட்டைத்தான் பாட வேண்டும். அவள் பளபளக்கிற உடையில், தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் பெரிய வாத்தியக் குழு. வேகமான பாட்டு. அடையாளம் தெரியாத அளவு அழகாக இருந்தாள். இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். வயலின்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அடுத்த அடியில் டிரம்பெட். எங்கேயும் ஓர் இடுக்கு இல்லை. வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். வஹினி என்னை ஒருதடவை பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் ஜெயித்தான், நன்றாகவே பாடினான். ஆனால் அன்றைக்குச் சந்தில் அதை ஒத்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லோரும் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள், நான்தான் தோற்றவள் போல.

அவள் திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். பல் டாக்டர் வேலைக்கு அவள் மறுபடி போகவில்லை. பம்பாயில் ஒரு ஹோட்டலில் மாலை நேரங்களில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்திருந்தோம்.

"மழைப் பாட்டைப் பாடலாமா?" என்றாள்.

பாடினோம். அவள் இப்போது வரியின் கடைசியை நீட்டினாள். கடைசி எழுத்தில் கொஞ்சம் தங்கி, குரலை நடுங்கவிட்டு, பிறகுதான் விட்டாள். டில்லியில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. நான் வழக்கமான இடத்தில் போய் இறங்கினேன். அவள் இன்னும் மேலேயே இருந்தாள்.

"ஏன் அவசரப்படறே?" என்றாள்.

"சரி, இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படியே ஆனது. அவள் அம்மா டீ கொண்டுவந்தார். குடித்தோம். யாரும் மூன்றாம் தடவை என்று சொல்லவில்லை.

பம்பாயிலிருந்து அவள் மஸ்கட் போனாள். அங்கேயும் ஹோட்டல் பேண்டுதான். எனக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பேங்க் வேலை, கட்கியிலேயே வீடு. சபையில் பாடிக்கொண்டுதான் இருந்தேன். கேட் மூடியிருக்கும்போது மட்டும் அந்த மெட்டு வரும். எனக்கு வருவது கீழ்ப்பக்கம்தான். மேலே அவள் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் அதைப் பாட முடியும்.

எண்பதுகள் முடிகிற சமயம் ஒரு விடுமுறையில் வந்தவள், கேம்ப்பில் இரானி டீக்கடைக்கு என்னைக் கூப்பிட்டாள். பன் மஸ்காவைப் பாதியாகப் பிய்த்து, வெண்ணெய் அதிகம் உள்ள பாதியைப் பழைய மாதிரியே என் பக்கம் வைத்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். குரல் கரகரத்திருந்தது, ஏசி, சிகரெட் புகை, தினமும் பாட்டு என்றாள்.

"நம்ம பாட்டைப் பாடறியா?"

"ஹோட்டல்ல அதை யாரு கேக்கறாங்க? ஒரு தடவை ஒரு ஸ்டுடியோல டேப் பண்ணேன். ரெண்டு பார்ட்டும் நானே. முதல்ல ஒண்ணைப் பாடி, அப்புறம் காதுல அதைக் கேட்டுக்கிட்டு இன்னொண்ணு."

"எப்படி வந்தது?"

டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றினாள். "சுருதி கரெக்ட், டைம் கரெக்ட். ஆனா ரெண்டும் ஒரே ஆளாத்தானே இருக்கு. என்னமோ வரலை." பிறகு, "நீ அங்க வாயேன். இந்தியன் ஸ்கூல்ல டீச்சர் கேக்கறாங்க. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வா. பேங்க் அங்கயும் இருக்கே," என்றாள்.

"யோசிக்கறேன்."

உண்மையாகவே யோசித்தேன். மாதக்கணக்கில். பாத்திரம் தேய்க்கும்போதும் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதும் யோசித்தேன். கணவரிடம் ஒருதடவை சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்திருந்தது. பேச்சு அப்படியே நின்றுபோனது. அவள் விடுமுறைக்கு வருவதும் குறைந்தது. அவள் அண்ணன் குடும்பமும் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனது. அந்த இரானி கடை மாலைக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

பாட்டுப் போட்டிகள் இப்போதும் எனக்கு ஒரு பைத்தியம். எந்த மொழியில் வந்தாலும் விடமாட்டேன். கணவர் ஜெயிக்கப்போகிறவர் யார் என்று பந்தயம் பேசுவார். நான் பார்ப்பது பின்வரிசையை. அங்கே இரண்டு மூன்று பெண்கள் ஒரே மைக்கைப் பார்த்துச் சாய்ந்து நின்று பாடுவார்கள். காமிரா அவர்களிடம் அதிகம் போகாது. ஒருநாள் ஒருத்தி பாட்டு முடிந்ததும் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துச் சிரித்தாள். ஒரு விநாடிதான், படம் மாறிவிட்டது.

"யாரு நல்லாப் பாடினா?" என்றார் கணவர்.

"பின்னாடி பச்சைப் புடவை."

"பச்சைப் புடவையா? நான் கவனிக்கலையே," என்றார். அடுத்த பாட்டு தொடங்கியதும் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்வரிசையைத் தேடினார்.