தொட்டி ஸ்டாண்டும் இரண்டு கோட் பெயிண்டும்

என் முதல் வெல்டிங்கைப் பார்த்ததும் மாமா சொன்ன வார்த்தை, "கோழி எச்சம்." ஓர் அடி நீள இரும்புத் தகட்டில் நேர்கோடாக நான் ஓட்டியிருக்க வேண்டியது அது. வெல்டிங் ராடு இரண்டு முறை தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கிய இடத்தில் குழி, மற்ற இடமெல்லாம் குமிழ் குமிழாக இரும்பு. அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கே பார்க்க அருவருப்பாக இருந்தது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கூனிமேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினைந்து வருஷம் மரக்காணத்து உப்பளத்தில் மற்ற பெண்களோடு உப்பு வாரியதில் பாதம் வெடித்துப் புண்ணாகி, இனிமேல் உப்புத்தண்ணியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி என்னைப் பட்டறையில் சேர்த்துவிட்டாள்.

மூன்று மாதம் கோடு மட்டுமே ஓட்டினேன். ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவுதான் இடைவெளி இருக்கலாம். ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். கை நடுங்கினால் கோடு பாம்பாக நெளியும். அவசரப்பட்டால் நூலாக மெலியும். ஒரு நாள், ஆறிய தகட்டைச் சுத்தியலால் தட்டினேன். மேலே படிந்த கசடு முழுப் பட்டையாகக் கழன்று விழுந்தது. அடியில் நெருக்கமான அலைகளோடு நேரான ஒரு வரி. அந்தத் தகட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மகளிடம் காட்டினேன்.

நேராக ஓட்டத் தெரிந்த பிறகுதான் அடுத்தவர் வேலையைப் பார்க்கும் கண் எனக்கு வந்தது.

நான் முன்பு வேலை செய்த உப்பளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க எட்டடி உயர ஸ்டாண்டு ஒன்று கேட்டிருந்தார்கள். மாமா ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பொட்டு மட்டும் வைத்துப் பற்றவைத்தார். மீதி இடைவெளியில், ஓட்டை அடைக்கும் பட்டிப் பசையை அப்பி வழவழவென்று தேய்த்தார்.

"முழுசா ஓட்டலையா மாமா?" என்று கேட்டேன்.

"உப்புக் காத்துல எப்படியும் துருப்பிடிக்கத்தான் போவுது. பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்? நீ அடி."

அடித்தேன். சில்வர் பெயிண்ட், இரண்டு கோட்.

உப்பளத்தில் நிழல் கிடையாது. தொட்டி வந்துவிட்டால் மத்தியானம் எல்லாரும் அதன் அடியில்தான் உட்காருவார்கள். எனக்கு அது தெரியும். ஸ்டாண்டை அங்கே கொண்டுபோய் நிறுத்திய நான்காம் நாள்தான் போனேன். மூன்று நாள் சும்மா இருந்ததை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆறு பெண்கள் தொட்டிக்கு அடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுப்பினேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியை இறக்கச் சொன்னேன். ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டினேன், பட்டி உதிர்ந்தது. அடுத்த தட்டில் ஒரு கால் தனியாகக் கழன்று சாய்ந்தது.

என்னோடு பத்து வருஷம் கூடை சுமந்த சிநேகிதி உதிர்ந்த பட்டியை எடுத்துப் பார்த்தாள். "யாருடி செஞ்சது?"

"மாமா. பெயிண்ட் நான் அடிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் அந்தப் பட்டித் துண்டை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அது கத்துக்குட்டி ஓட்டினது, நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்று மாமா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா நம்புவதுபோல் காட்டிக்கொண்டாள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, "பாயசம் நல்லாருக்குது இல்ல?" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

கால் கழன்ற அந்த ஸ்டாண்டை அப்போதே நான்தான் சரிசெய்தேன். மாமா பட்டறையை விட்டுக் கீழ்புத்துப்பட்டில் வேறொரு பட்டறையில் சேர்ந்து, அங்கே வைத்து எல்லா மூலைகளையும் முழுநீளத்துக்கு ஓட்டினேன். உப்பளத்தில் நிறுத்திய அன்று, தொட்டியை ஏற்றுவதற்கு முன்னால் நானே அதன் மேல் ஏறி நின்று, காலால் ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினேன். அசையவில்லை. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் சிநேகிதி தொட்டிக் குழாயைத் திறந்து சொம்பில் தண்ணீர் பிடித்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டபடி, தொட்டி நிழலைத் தாண்டி வெயிலில் வரப்பின் மேல் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.