சொந்தக்காரர் வராத ஸ்டாண்டு

ஜப்பானில் நீகாதா பக்கத்து ஏரிக்கரை ஊரில் சவரக்கடை வைத்திருப்பவள் ஹத்சுயே. ஊரில் பாதி ஆண்களின் தாடை அவள் கைக்குப் பழக்கம். குளிர்காலம் வந்தால் மட்டும் விடியும் முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவாள். வடக்கிலிருந்து வந்து தங்கும் காட்டு அன்னங்கள், வெளிச்சம் வந்ததும் வயலில் சிந்திய நெல்லைத் தேடிக் கிளம்பும். அதைப் படம் பிடித்த பிறகுதான் கடை.

பத்து வருஷமாகப் பிடிக்கிறாள். எல்லாப் படத்திலும் வால்தான். அன்னம் காற்றுக்கு எதிரே ஓடித்தான் மேலே எழும்; இங்கே காற்று மேற்கிலிருந்து. முகம் வேண்டுமானால் மேற்குக் கரை மரத்தடியில் நிற்க வேண்டும். வருஷா வருஷம் அந்த இடத்தை யாராவது முந்திப் பிடித்துவிடுவார்கள்; இந்தத் தடவை நவம்பரிலிருந்து ஒரு கேமரா ஸ்டாண்டு நிற்கிறதே! மேலே கேமரா இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல! ஒருவர் பிடித்து வைத்த இடத்தைச் செத்தாலும் தொடமாட்டார்கள். "டோக்கியோவுலேர்ந்து பெரிய மாஸ்டர் வரப்போறாராம்" என்று புகைப்பட சங்கத் தலைவர் இவாபுச்சி சொன்னாலும் சொன்னார், ஸ்டாண்டின் மேல் விழுந்த பனியை ஆள் மாற்றி ஆள் துடைத்தார்கள். சிலர் அதற்கு வணக்கமும் வைத்தார்கள்.

ஹத்சுயேவுக்கோ அந்த இடம் இந்த வருஷமே வேண்டும். பத்து வருஷமாகத் தனியாகவே வந்த கோணக்கழுத்தி என்ற கிழட்டு அன்னம், இந்த வருஷம் ஜோடி பிடித்து இரண்டு சாம்பல் நிறக் குஞ்சுகளோடு வந்திருந்தது. தாயும் பிள்ளைகளும் முகம் தெரிய ஒரே ஒரு படம் வேண்டும். பிப்ரவரி முடியப்போகிறது. இன்றோ நாளையோ வடக்கே போய்விடும். அடுத்த வருஷம் கிழவி உயிரோடு வருவாள் என்று யார் கண்டது?

அன்று மதியம் இவாபுச்சி சவரத்துக்கு வந்தார். அவள் சோப்புப் போட்டு, கத்தியைத் தொண்டையில் வைத்தாள்.

"தலைவரே, மாஸ்டர் எப்ப வர்றாராம்?"

"வருவார், வருவார். அவருக்கு ஆயிரம் வேலை."

"தொண்டைய ஆட்டாதீங்க, கத்தி இருக்கு. அவர் பேரு என்ன?"

இவாபுச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பேரக் கேட்டேன்."

"ஐயோ, அது என்னோடதும்மா! மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

"ஆள் இல்லாம ஸ்டாண்டு வச்சு இடம் பிடிக்கிறவன் மனுஷனே இல்லன்னு சங்கக் கூட்டத்துல கத்துனீங்களே!"

"அதுக்கு மறுநாள்தாம்மா மறந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எடுக்கறது?"

"இருட்டுல போய் எடுத்திருக்கலாமே?"

"போனேன். யாரோ பிளாஸ்டிக் போட்டு மூடி, பக்கத்துல மாஸ்டருக்குன்னு காபி டின் வேற வச்சிருந்தாங்க. மனசு வரல."

ஹத்சுயே சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா நாளைக்கு என் கேமரா அதுல ஏறும்."

மறுநாள் ஏற்றினாள். கரையில் கேமராவோடு நின்ற வரிசையே வாயைப் பிளந்தது.

"ஹத்சுயே! மாஸ்டர் வந்துட்டா என்ன பண்ணுவே?"

"அவர் சரின்னுட்டார்."

இவாபுச்சி இருமினார்.

அதற்குள் அன்னங்கள் தலையை ஆட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டன. கோணக்கழுத்தி முன்னால், குஞ்சுகள் பின்னால், தண்ணீரை உதைத்துக்கொண்டு நேரே அவளைப் பார்த்து ஓடி வந்தன. ஹத்சுயே குனிந்து கண்ணை வைத்தாள். ஸ்டாண்டு சரியத் தொடங்கியது.

இவாபுச்சி தன் கேமராவைப் பனியில் போட்டுவிட்டு ஓடிவந்து, குப்புற விழுந்து ஸ்டாண்டின் காலைக் கட்டிக்கொண்டார். "இந்தக் கால் எப்பவும் வழுக்கும்! மூணு வருஷமா இப்படித்தான்! நீ எடும்மா, எடு!"

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். சிறகுச் சத்தம் எல்லோருடைய தலைக்கு மேலும் கடந்து போயிற்று.  அத்தனை பேரும் இவாபுச்சியைத்தான் பார்த்தார்கள்.

"தலைவரே, விடுங்க. போயிடுச்சு."

"முகம் விழுந்துச்சா?"

"மூணு முகமும்."

"அப்ப சரி." அவர் எழுந்தார், முழங்காலைத் தட்டிக்கொண்டார், வரிசையைப் பார்த்து இடுப்பு மடிய வணங்கினார்.

"ஸ்டாண்டு என்னோடதுங்க."