தையல்காரர் வீசிய தூண்டில்

நமுனுகுல மலையில் தேயிலை முடிகிற இடத்துக்கும் மேலே ஒரு குளம் உண்டு. எழுபதுகளில் ஒரு விடுமுறைக்கு, தோட்டப் பள்ளி ஆசிரியனான நான், மனைவியோடும் சின்ன மகளோடும் சோற்றுப் பொதிகளைச் சுமந்துகொண்டு அங்கே ஏறிப் போனேன். முழங்கால் நீரில் சாரத்தை மடித்துக் கட்டி நின்றிருந்தார், பதுளை பஜாரில் எங்களுக்குத் துணி தைக்கும் முஸ்லிம் அண்ணன்; நானா என்றே அவரை அழைப்போம்.

சேவல் இறகைத் தையல் நூலால் தூண்டில் முள்ளில் சுற்றி, அசல் பூச்சி மாதிரியே செய்திருந்தார். அதை வீசுவதற்கு, நீண்ட நூலை முதலில் முதுகுக்குப் பின்னால் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சுழற்றுவார். எனக்கே அலுப்புத் தட்டியது.

மதியம்வரை ஒன்றும் சிக்கவில்லை. கரையில் அவர் மனைவி அடுப்பு மூட்டிக் காத்திருந்தார். திடீரென்று எதிரே முழங்கை நீள மீனொன்று துள்ளியது.

"வீசுங்க நானா!" என்று கத்தினேன்.

கம்பை உயர்த்தியவர் திரும்பிப் பார்த்தார். கம்பை இறக்கிவிட்டார். மீன் ஆழத்துக்குப் போய்விட்டது.

"இப்படி விட்டுட்டீங்களே!"

"பின்னால புள்ள நிக்குது மாஸ்டர்" என்றார்.

திரும்பினேன். முள் சுழன்று வந்து எட்டும் தூரத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள் என் மகள். அதுவரை நான் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.