பாதி பூசிய கல்

"பழைய கல்லுக்குன்னே வந்த பூச்சு சார்" என்று கம்பெனிக்காரர் டின்னைத் திறந்தார். அந்த நெடியில், 2003இல் இதே தாம்பரம் பெயிண்ட் கடையில் என் அத்தா போட்ட சத்தம் காதில் கேட்டது.

அன்று கோயில் கமிட்டிக்காரர்கள் கல்தூண்களுக்குப் பூச வார்னிஷ் கேட்டார்கள்.

"கதவுக்குக் கேளுங்க, தர்றேன். கல்லுக்குத் தர மாட்டேன்."

"இன்னா பாய், வியாபாரம் வேணாமா?"

"வேணாம். கல்லுக்கும் வேர்க்கும். மூடிட்டா உரிஞ்சி கொட்டிடும்."

சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார்கள். அத்தா விடவில்லை. உடைந்த படிக்கல் ஒன்றில் பாதிக்கு மட்டும் வார்னிஷ் அடித்து வாசலில் போட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பாதி பொருக்குத் தட்டி உதிர்ந்தது.

இன்றும் கடையில் இருக்கும் அந்தக் கல்லை எடுத்துவந்து கம்பெனிக்காரர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"எங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கு சார்."

"சர்டிபிகேட் நனையாது சார், கல்லு நனையும். மறுபாதியில பூசிட்டு, மழை முடிஞ்சதும் வாங்க."