விற்றுவிட்ட முதல் பலகை

2016 பிப்ரவரி, ஞாயிறு காலை, பொம்மையார்பாளையம் கடற்கரை. நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் இது எனக்கு மூன்றாவது. புதிய ரகம் வந்ததும் பழையதை விற்றுவிடுவேன். இது குறுகலானது, வேகமானது. அரை மணி நேரத்தில் ஆறு முறை விழுந்துவிட்டேன். 2013இல் என் முதல் பலகையை வாங்கிய மீனவர் ஏழுமலை, அதன்மேல் நண்டு வலையை வைத்துக்கொண்டு நின்றபடியே கரைக்கு வருகிறார்.

"அதைத் திருப்பிக் குடுங்க ஏழுமலை. பதிலுக்கு இந்தப் புதுசை வெச்சிக்குங்க."

"இதுல வலைய எங்க வெச்சிக்கினு போறது சார்? நீங்க இத விக்கசொல்லயே வேணாம்னு சொன்னேன். வேணும்னா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

வலையை இறக்கிவிட்டுத் தருகிறார். பழைய பலகையில் அலைகளைத் தாண்டும்வரை விழாமல் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால், என் புதுப் பலகையை மணலில் போட்டு, அதன்மேல் நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.