பாறைப் படத்துக்குக் காவல்

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சீனிமுகம்மதுக் காக்கா சுவரைப் பார்த்துவிடுவார். படம் இருக்கிறதா என்றல்ல, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. பிறகு தோள் சால்வையை எடுத்து, படம் தொங்கும் ஆணியிலேயே மாட்டுவார். பாதிப் படம் மறைந்துபோகும். மீதியைத் தன் முதுகால் மறைத்து உட்கார்ந்துகொண்டு தேத்தண்ணி கேட்பார்.

சாய்ந்தமருதுக் கடற்கரையோரம், முத்தலிப்பின் தேநீர்க் கடையில் இது அன்றாடக் காட்சி. படம் ஒன்றும் பெரிய அதிசயமில்லை. கடலிலிருந்து கரையைப் பார்த்து எடுத்து அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம்: முரட்டுத்தனமாக நிற்கும் இரண்டு கரும்பாறைகள், காலடியில் நுரை, நடு வெடிப்பில் ஒற்றைப் பாலைமரம். "இது எந்த இடம் காக்கா?" என்று கேட்டேன். "திருகோணமலை" என்றார். அடுத்த வாரமும் கேட்டேன். "சிலோனே இல்ல தம்பி. பம்பாய்ப் பக்கம். உங்களுக்கு என்னத்துக்கு அது?"

காக்கா தூண்டில்காரர். பருவத்தில் தெற்கே பாறைக்கரையில் வாடி என்னும் மீன்பிடிக் குடில் போட்டுத் தொழில் செய்கிறவர். தோணியை முதலில் வடக்கே விடுவார். பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டபிறகுதான் திருப்புவார். பிடித்த கலவாய் மீன்களைச் சாக்கால் மூடியே கரைக்குக் கொண்டுவருவார். "இந்த மீன் எங்க பட்டிச்சி?" என்று கேட்டவரோடு அந்தப் பருவம் முழுக்கக் கதைக்க மாட்டார். தேத்தண்ணியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறார். இத்தனைக்கும் முத்தலிப் இவருடைய சொந்த மச்சான்.

அந்த முத்தலிப்தான் ஒருநாள் என் காதில் விஷயத்தைப் போட்டார். "கொழும்புப் படக்காரரைத் தோணியில ஏத்திட்டுப் போன ஆரு? இவர்தான். மீன் கடிக்கிற நேரம், இவர் தூண்டிலோட இருந்திட்டார். அந்த மனிசன் அதே இடத்தில வெச்சுப் படம் புடிச்சிட்டார். கொழும்புக்குப் போய், மறுகா அந்தப் படத்தில எனக்கொரு கொப்பி அனுப்பினார்."

கடலில் வேலி ஏது? கரையில் இரண்டு பொருள் ஒரே நேர்கோட்டில் வருவதை வைத்துத்தான், மீன் கூடும் கடலடிப் பாறையை மீனவர் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வெடிப்பின் நடுவில் மரம் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டால்தான் காக்காவின் வீட்டு அடுப்பு எரியும். பெற்ற மகனுக்கே சொல்லாத குறி, கடைச்சுவரில் தொங்குகிறது! கழற்றச் சொல்லவும் பயம். ஏன் என்று ஊர் கேட்குமே. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இடத்தின் பெயரை நானும் எழுதப்போவதில்லை.

நேற்றுக் காக்கா வந்தபோது, பக்கத்து வாடிக்காரர் மீராமுகைதீன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தெரிஞ்ச பாறை போல இரிக்கி," என்றார்.

"பாறையெல்லாம் ஒண்டு போலதான் இரிக்கும்."

காக்கா பீடியைப் பற்றவைத்தார். எதையோ சுட்டிக்காட்டுவதுபோல நீட்டி, கனன்ற நுனியைப் பாலைமரத்தின் மேல் வைத்து அழுத்தினார். மரம் இருந்த இடத்தில் கருகிய ஓட்டை.

"கை பட்டிட்டு," என்றார்.

மீராமுகைதீன் பாறைகளை விட்டுவிட்டு, ஓட்டையை உற்றுப் பார்த்தார். "அதில என்ன இருந்த, காக்கா?"

காக்கா பெருவிரலால் ஓட்டையை மூடினார். முத்தலிப் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போன பிறகும் விரலை எடுக்கவில்லை.