அப்பா அடித்த அந்த ஒரு நாள்

பெண்டாட்டியை ஊர் பார்க்க அடித்த மனுசன் என்று என் அப்பாவைப் பற்றி, அவர் உடல் கூடத்தில் கிடக்கும்போதே ஒருத்தி சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தார்தான். ஒரே ஒரு நாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவளுக்கு என்ன தெரியும்?

அப்பா பழைய பட்டாளக்காரர். சப்பான்காரன் காலத்தில் துப்பாக்கி தூக்கி பர்மாவரை போய், எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். அப்புறம் மலாயாவில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். வீட்டில் குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கும் தங்கைக்கும் அவரே எண்ணெய் தேய்த்துச் சடை பின்னுவார். பட்டாளக் கட்டு, லேசில் அவிழாது. "புள்ளைங்க மண்டைய மூட்டை கட்டுறாரு பாரு" என்று அம்மா கேலி செய்வாள்.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வேறு தோட்டத்தில் வளர்ந்த அம்மாவின் ஒரே தம்பி, கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போய்விட்டார். பினாங்கில் வேலை என்றுதான் லயத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தோம். உண்மை தெரிந்தால் குடும்பத்தோடு முகாமில் அடைத்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் அப்படித்தான் போனது.

ஒரு காலை, ஆள் எடுக்கும் பிரட்டுக் களத்தில் போலீஸ் லோரி வந்து நின்றது. உள்ளே மூன்று பிணங்கள்.

"பட்டாளத்தான், வாய்யா. ஒனக்குப் பொணம் புதுசா?" என்றார் வேலை வாங்கும் மண்டோர்.

அப்பாதான் இறக்கினார். மூன்றாவதைக் கிடத்திவிட்டு நிமிர அவருக்குக் கொஞ்ச நேரமானது. அதன் வயிறு கிழிந்து ஈ மொய்த்தது. முகத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

எல்லாரும் வரிசையாகப் போய் முகம் பார்க்க வேண்டும். யார் அழுகிறார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னால் போன கிழவர் தள்ளாடியதற்கே துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இடி வாங்கினார். அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"சோத்துத் தூக்கு எங்கடி?"

"நீங்கதானே எடுத்தீங்க?"

பளாரென்று ஓர் அறை. அம்மா சுருண்டு விழுந்தாள். உதடு கிழிந்து தாடையெல்லாம் ரத்தம். நான் "அப்பா!" என்று கத்தினேன். அவர் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் குத்திக் குத்தியே அவளை இழுத்துப்போனார். மூன்றாவது முகத்தைப் பார்த்ததும் அம்மா அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அப்பா இன்னும் ஓங்கி அடித்தார்.

என்ன என்று அதிகாரி கேட்டான். புருசன் பெண்டாட்டி சண்டை என்று தோட்ட ஆபீஸ் கிராணி சிரித்தார். போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அப்பா வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் வாயைத் துடைத்தார்.

"அழுவு புள்ள. யாராச்சும் கேட்டா என்னையத் திட்டி அழுவு. உன் தம்பிக்கு வேற என்னா செய்ய முடியும் நம்மளால?"

பதினாறாம் நாள் முடியும்வரை அம்மா வாய்விட்டு அழுதாள். தண்ணிக்குழாயடியில் பெண்கள் அப்பாவைக் காறித் துப்பினார்கள். தலையைக் குனிந்துகொண்டு போவார். அவசரகாலம் முடிந்த பிறகாவது சொல்லுங்கள் என்று நான் சண்டை போட்டேன். "பேரு கெட்டது கெட்டதுதான், விடு லா" என்றார். எனக்கு அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை.

இப்போது அவர் கிடக்கிறார். அம்மாவுக்குக் கண்ணீரே வரவில்லை. "அடிச்ச புருசன்தானே, எப்படி அழுவா?" என்று அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு லோரியில வந்தது என் தம்பிடி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் அழுவணும்னுதான் இவரு அடிச்சாரு."

பிறகு அப்பாவின் வலக்கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.